ஆணைத்தொடரும் எழுத்து வரம்பும்: அந்தமான் மொழிப் பதிவுகளை முன்வைத்து

1. முன்னுரை

மொழியொன்றின் ஒலிப்பதிவு சேமிக்கப்பட்டுள்ளது என்பதும் அது வேண்டும்போது கிடைக்கிறது என்பதும் ஒன்றல்ல. ‘போ’ மொழியை இறுதியாகப் பேசிய போவா சீனியர் 2010 ஜனவரி 26 அன்று மறைந்தார். அன்விதா அப்பி முதலியோர் பதிவு செய்த அவரது குரலை இனி எவரும் புதிதாகப் பதிவு செய்ய இயலாது. எனவே இத்தகைய பதிவு எப்பெயரில் சேமிக்கப்படுகிறது என்பது மொழியியலார் கருதத்தக்க வினாவாகிறது.

2. ஆணையின் தொடரமைப்பு

ஐபிஎம் நிறுவனத்தின் ‘டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர்’ போன்ற சேமிப்பு மேலாண்மை மென்பொருள்கள் எழுத்தாணைகளை ஏற்பவை. அம்மென்பொருள் 2015 முதல் வேறு பெயர்களைப் பெற்றது. ‘ரெஜிஸ்டர் நோட்’ என்னும் ஆணையில் வினை முதலிலும் செயப்படுபொருள் அடுத்தும் வருகின்றன. அதன்பின் பயனர் தரும் பெயர் வருகிறது. தமிழில் ‘கணுவைப் பதிவு செய்’ என வினை இறுதியில் நிற்கும்.

ஆணையின் உறுப்புகளை மூன்றாகப் பகுக்கலாம்: மாறாத ஆணைச்சொற்கள், குறிகள், பயனர் நிரப்பும் மாறிகள். இவற்றுள் மாறிகளின் பெயரை மட்டுமே மொழிபெயர்ப்பாளர் தமிழாக்கலாம். ஆணைச்சொல்லைத் தமிழாக்கினால் ஆணை இயங்காது. மேலும், ஆணைச்சொல்லின் குறுக்கத்திற்கு இன்றியமையாத எழுத்துகளைக் கையேடுகள் பெரிய எழுத்தில் அச்சிடுகின்றன. ‘ரெஜிஸ்டர்’ என்பதன் முதல் மூன்று ரோமன் எழுத்துகள் இவ்வாறு வரும். தமிழ் எழுத்தில் பெரியது, சிறியது என்னும் பாகுபாடின்மையால் இம்மரபைத் தமிழ்க் கையேடு தடித்த அச்சால் உணர்த்த வேண்டியுள்ளது.

3. எழுத்து வரம்பு

இம்மென்பொருளில் கணு முதலியவற்றிற்குப் பெயரிட ரோமன் எழுத்துகள், எண்கள், அடிக்கோடு, புள்ளி, சிறுகோடு, கூட்டற்குறி, ‘உம்’மைக் குறி ஆகியவையே உரியவை. உடுக்குறி எத்தனை எழுத்துகளுக்கும், வினாக்குறி ஓர் எழுத்துக்கும் பதிலியாக நிற்கும். சிறுகோடு பெயரினுள் எழுத்தாகவும், வரியிறுதியில் ஆணை தொடர்வதைக் காட்டும் குறியாகவும் அமையும். ஒரே வடிவம் இடத்தால் பொருள் வேறுபடுவது இயற்கை மொழியின் ஒப்புருச் சொற்களை நினைவூட்டுகிறது.

இவ்வரம்பில் ‘ஓங்கே’ என்னும் மொழிப்பெயரைக்கூட முழுமையாக எழுத இயலாது. அதன் ரோமன் வடிவின் முதலெழுத்து மேலே இரு புள்ளிகள் பெற்றது. புள்ளிகளை நீக்குவோரும் துணையெழுத்துச் சேர்ப்போரும் ஒரே மொழிக்கு இரு பெயர்களை உண்டாக்குவர்.

4. ஒருங்குறியும் தீராச் சிக்கலும்

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. எனினும் ‘கொ’ என்பதை ககரமும் ஒகரக் குறியுமாகவும், ககரமும் ஒற்றைக்கொம்பும் காலுமாகவும் குறிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டும், நிகரெனக் கொள்ளும் ஏற்பாடு இல்லாத தேடலில் வெவ்வேறாகும். புள்ளியிட்ட ரோமன் எழுத்துக்கும் இதே நிலையுண்டு. மேலும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். 255 பைட் வரம்புள்ள கோப்புப் பெயரில் 85 குறிகளே அடங்கும்.

இடப்பெயர்களும் நிலையானவையல்ல. 2018 டிசம்பரில் ராஸ், நீல், ஹேவ்லாக் தீவுகளும், 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரும் புதுப்பெயர் பெற்றன. பதிவிடத்தைக் கோப்புப் பெயரில் சேர்த்தவர் பழம்பெயரையும் தேட வேண்டும்.

5. முடிவுரை

அடையாளமும் பெயரும் வேறு. கோப்பின் அடையாளம் எழுத்து வரம்புக்குட்பட்ட மொழிக் குறியீடு, நாள், வரிசையெண் ஆகியவற்றால் அமைதல் நன்று. ஓங்கே மொழிக்கு ‘ஓஓஎன்’ என்னும் பன்னாட்டு மூவெழுத்துக் குறியீடு உள்ளது. பேசுவோர் வழங்கும் பெயர், ஒலிக்குறி வடிவம், இடத்தின் பழைய, புதிய பெயர்கள் ஆகியன உடன்வைக்கும் விவரக் குறிப்பில் முழுமையாக இடம்பெற வேண்டும். இயந்திரத்தின் எழுத்துக் குறைவு அடையாளத்தோடு நிற்கட்டும். அது மொழியின் ஒலிகளைக் குறைக்க இடந்தரலாகாது.