ரத்தம் சொல்லும் கணக்கு – 7: ஒன்று புள்ளி இரண்டு

சென்ற வாரம் பார்த்த சர்க்கரை, கூடினால் தானே கெடுதல் செய்யும். கிரியாட்டினின் அப்படியல்ல. அது வெறும் கழிவு. தசைகளில் உள்ள கிரியாட்டின் என்ற பொருளில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு தினமும் சிதைந்து கிரியாட்டினினாகி ரத்தத்தில் கலக்கிறது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றுகிறது. வரத்து ஏறக்குறைய ஒரே அளவு என்பதால், ரத்தத்தில் அது தேங்கினால் வடிகட்டல் குறைந்திருக்கிறது என்று ஊகிக்கிறோம். ஊகம்தான். வழக்கமான பரிசோதனையில் சிறுநீரகத்தை நேரடியாக அளப்பதில்லை.

இதை அளக்கும் முறைக்கு வயது அதிகம். 1886-ல் கோனிக்ஸ்பெர்க் நகரில் மாக்ஸ் யாஃபே என்ற மருந்தியல் பேராசிரியர், காரம் கலந்த பிக்ரிக் அமிலத்தோடு கிரியாட்டினின் சேர்ந்தால் செம்மஞ்சள் நிறம் வருவதைக் கண்டார். பட்டுத் துணிக்கு மஞ்சள் சாயம் ஏற்றிய அமிலம் அது. பீரங்கிக் குண்டுகளுக்குள்ளும் போனது. இன்றும் பல லேப்களில் இயந்திரம் பார்ப்பது அந்த நிறத்தைத்தான். மலிவு என்பதால் நிலைத்துவிட்டது. ஆனால் சர்க்கரை கட்டுமீறி ரத்தத்தில் கீட்டோன் ஏறியவருக்கு இதே நிறம் பொய்யாகக் கூடும். மஞ்சள் காமாலைக்காரருக்குக் குறையும். நொதியை வைத்து அளக்கும் புதிய முறையில் இந்தக் குழப்பம் குறைவு, செலவு கூடுதல்.

இனி ரிப்போர்ட்டுக்கு வருவோம். கிரியாட்டினின் 1.2 மில்லிகிராம். 25 வயது இளைஞர் ஒருவருக்கும் 70 வயதுப் பாட்டி ஒருவருக்கும் இதே எண் வந்திருக்கிறது என்று வையுங்கள். 2021-ல் திருத்தப்பட்ட சி.கே.டி-எபி சூத்திரத்தில் வயதையும் பாலினத்தையும் போட்டால், இளைஞரின் வடிகட்டும் வேகம் நிமிடத்துக்கு 86 மில்லிலிட்டர்; பாட்டிக்கு 49. பாட்டியிடம் தசை குறைவு, கழிவு வரத்தும் குறைவு. அப்படியிருந்தும் 1.2 வரை தேங்கியிருக்கிறது என்றால் வடிகட்டி தளர்ந்துவிட்டது என்று பொருள். 'இ.ஜி.எஃப்.ஆர்' என்று அச்சிடுவது இந்த வேகத்தைத்தான். மூன்று மாதத்துக்கு மேலும் அது 60-க்குக் கீழேயே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய் என்கிறார்கள். வயதையும் பாலினத்தையும் கேட்டு வாங்கித் தாளின் தலையில் அச்சடிக்கும் லேப், இந்த ஒரு கணக்கைப் போட்டுத்தராமல் விடுவது என்ன கஞ்சத்தனமோ!

அதைவிட மோசம், பக்கத்தில் இருக்கும் 'நார்மல்' கட்டம். வடிகட்டல் பாதியானால் கிரியாட்டினின் ஏறத்தாழ இரட்டிக்கும். வழக்கமாக 0.6 இருந்த ஒல்லியான மனிதருக்கு 1.2 ஆகும்போது பாதி வேலை போய்விட்டது. கட்டமோ இன்னும் நார்மல் என்கிறது. அதனால் பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கட்டத்தைவிட உங்கள் பழைய எண்ணே நல்ல அளவுகோல்.

எதிர்த்திசையிலும் ஏமாறலாம். மதியம் ஆட்டுக்கறி சாப்பிட்டு மாலையில் ரத்தம் கொடுத்தால் எண் கொஞ்சம் கூடும். வெந்த கறியிலேயே கிரியாட்டினின் இருக்கிறது. ஜிம்முக்குப் போகிறவர்கள் கலக்கிக் குடிக்கும் கிரியாட்டின் பவுடரும் கூட்டும். டிரைமெத்தோப்ரிம் என்ற கிருமிக்கொல்லி கலந்த மாத்திரை, சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே எண்ணை ஏற்றும். வாந்தி பேதியில் நீர் வற்றியபோது எடுத்த ரிப்போர்ட்டும் நிரந்தரத் தீர்ப்பல்ல. வலி மாத்திரை சங்கதி வேறு: அது எண்ணோடு நிற்காது, சிறுநீரகத்தையே தொடும். டாக்டரிடம் மறைக்க வேண்டாம்.

ரிப்போர்ட்டில் கூடவே வரும் யூரியாவைப் பற்றி ஒரு வரி போதும். ஒரு லேப் 'யூரியா 30' என்றும் இன்னொன்று 'பி.யு.என் 14' என்றும் தந்தால் பாதியாகக் குறைந்துவிட்டதாக மகிழ வேண்டாம். இரண்டும் ஒன்றுதான், பின்னது யூரியாவிலுள்ள நைட்ரஜனை மட்டும் எடை போடுகிறது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இந்த ரத்தப் பரிசோதனை மட்டும் போதவே போதாது. அவர்களில் பலருக்குக் கிரியாட்டினின் அசைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியத் தொடங்கிவிடுகிறது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராம் ஆல்புமினைத் தாண்டினால் கவனிக்க வேண்டும். அங்கேயும் கிரியாட்டினின் எதற்கு வந்தது என்று அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)