நாற்பது கிலோ சரீரமும் ஏழு தங்கப் பதக்கங்களும்



இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்த காலம். உக்ரைன் தேசத்தின் தென்கிழக்கிலே, அசோவ் கடலுக்கு அருகே ஒரு தாய் தன் மகனுக்காகக் காத்திருந்தாள். 1941ஆம் ஆண்டில் போர்முனைக்குச் சென்ற மகன். ஒரு நாள் எலும்பும் தோலுமாக ஒரு மனிதன் வாசலில் வந்து நின்றான். கன்னங்கள் ஒட்டிப் போயிருந்தன. கண்கள் குழியில் விழுந்திருந்தன. தாய்க்கு அவனை அடையாளம் தெரியவில்லை. சிறு வயதில் தலையில் ஏற்பட்ட ஒரு காயத்தின் தழும்பைக் கண்ட பின்னரே, அவன் தான் பெற்ற பிள்ளை என்று அவள் அறிந்துகொண்டாளாம்.

விடுதலையானபோது அந்த வாலிபருடைய எடை ஏறக்குறைய 40 கிலோ. வயது 23. ஏழு ஆண்டுகள் கழித்து, அதே மனிதர் ஒலிம்பிக் மேடையின் மிக உயரமான படியில் நின்றார். ஒருமுறையல்ல, ஒரே ஒலிம்பிக்கில் நான்கு முறை. அவர் பெயர் விக்டர் சுக்காரின். ஜிம்னாஸ்டிக்ஸ் என்னும் சீருடற்பயிற்சிக் கலையின் மாபெரும் வீரர்களுள் ஒருவர்.

உலகம் இவரை அதிகம் அறியவில்லை. ஆயினும் "என் காலம் கடந்துபோயிற்று, இனி என்ன செய்ய முடியும்?" என்று மனம் சோர்ந்திருக்கும் எவரும் இவருடைய வாழ்க்கையை ஒருமுறை அறிந்துகொள்வது நல்லது.

கைதி எண் 10491

விக்டர் சுக்காரின் 1921ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள் பிறந்தார். தந்தை கொசாக் இனத்தவர். தாய் கிரேக்க வம்சத்தவர். மரியுபோல் பகுதியில் வளர்ந்த அவர், பள்ளி நாட்களிலேயே ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சியில் ஈடுபட்டார். இருபது வயதை எட்டுவதற்குள் உக்ரைனின் சிறந்த வீரர்களுள் ஒருவராகப் பெயர் பெற்றார். அவருக்கு முன்னால் ஒரு நீண்ட பாதை திறந்திருந்தது போலத் தோன்றியது.

1941ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் ஜெர்மானியப் படைகள் சோவியத் நாட்டிற்குள் புகுந்தன. சுக்காரின் படையில் சேர்ந்தார். அதே ஆண்டில் பொல்தாவா பகுதியில் நடந்த சண்டையில் பிடிபட்டார். அன்று அவர் தம் பெயரை இழந்தார் என்றே சொல்லலாம். வட ஜெர்மனியிலுள்ள சான்ட்போஸ்டல் முகாமில் அவர் வெறும் 10491 என்ற எண்.

சோவியத் போர்க்கைதிகளின் நிலை மிகவும் கொடியது. சுமார் 57 இலட்சம் சோவியத் வீரர்கள் ஜெர்மானியரிடம் கைதிகளானார்கள் என்றும், அவர்களில் ஏறக்குறைய 33 இலட்சம் பேர் பசியாலும் குளிராலும் நோயாலும் சுட்டுக் கொல்லப்பட்டும் மாண்டார்கள் என்றும் வரலாற்று ஆசிரியர்கள் கணக்கிடுகின்றனர். ஐந்து பேரில் மூவர் வீடு திரும்பவில்லை என்பதே இதன் பொருள். சுக்காரின் புக்கன்வால்ட் உட்பட 17 முகாம்களைக் கடந்தார் என்று அவருடைய வாழ்க்கைக் குறிப்புகள் கூறுகின்றன. போரின் கடைசி நாட்களில், வெடிமருந்து நிரப்பிய ஒரு படகில் கைதிகளை ஏற்றிக் கடலுக்குள் அனுப்பினார்கள் என்றும், ஆங்கிலேயர்களுடைய கப்பல் ஒன்று குறுக்கே வந்து அவர்களைக் காப்பாற்றியது என்றும் அக்குறிப்புகளில் காண்கிறோம்.

உயிரோடு திரும்பியவர்களுக்கும் துன்பம் ஓயவில்லை. பகைவனிடம் சரணடைகிறவனைத் துரோகியாகக் கருத வேண்டும் என்று 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலேயே ஸ்டாலின் ஆணை பிறப்பித்திருந்தார். ஆகவே, தாயகம் திரும்பிய கைதிகள் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார்கள். சந்தேகத்தின் நிழல் பல ஆண்டுகள் அவர்களைப் பின்தொடர்ந்தது. பகைவனின் கையில் பட்ட பாடு ஒருபுறம். சொந்த நாட்டின் சந்தேகப் பார்வை மறுபுறம். இந்த இரண்டையும் சுமந்துகொண்டு வாழ்வைத் தொடங்க வேண்டியவர்களுள் சுக்காரினும் ஒருவர்.

பன்னிரண்டாம் இடம்

ஆண்களுக்கான ஜிம்னாஸ்டிக்ஸில் ஆறு பிரிவுகள் உண்டு. தரைப்பயிற்சி, கைப்பிடி வைத்த குதிரை, தொங்கும் வளையங்கள், குதிரையைத் தாண்டுதல், இணைக் கம்பிகள், கிடைக் கம்பி என்பவை அவை. எல்லாவற்றிலும் ஒரு விதி பொதுவானது: வீரன் தன் சரீரத்தின் பாரத்தைத் தானே சுமக்க வேண்டும். கைப்பிடிக் குதிரையில் கால்கள் எங்கும் படாமல் வட்டமாகச் சுழலும்போது, முழு உடலையும் ஒரு கை தாங்கி மறு கையிடம் ஒப்படைக்கிறது. வளையங்களில் தொங்குகிறவன் ஆடாமல் அசையாமல் நிற்க வேண்டும்.

நான்கு ஆண்டுகள் பட்டினியால் தசைகள் கரைந்துபோன ஒருவர் இந்தக் கலைக்குத் திரும்புவது எப்படி? தண்டால் எடுப்பதும் கம்பியில் தொங்குவதுமே அவருக்கு மறுபடியும் முதல் பாடங்களாயின. லிவிவ் நகரில் 1946ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட உடற்கல்வி நிறுவனத்தில் அவர் மாணவராகச் சேர்ந்தார். அந்த நகரமே பின்னர் அவருடைய வாழ்நாள் முழுவதற்கும் இருப்பிடமாயிற்று.

1946ஆம் ஆண்டு சோவியத் தேசியப் போட்டியில் அவர் பெற்றது 12ஆம் இடம். பலர் அத்துடன் நின்றிருப்பார்கள். "போருக்கு முன்பு நான் எப்படி இருந்தேன் தெரியுமா?" என்று சொல்லிக்கொண்டே மீதி நாட்களைக் கழித்திருப்பார்கள். அவரோ பயிற்சிக்கூடத்திற்குத் திரும்பினார். அடுத்த ஆண்டு 5ஆம் இடம். 1949ஆம் ஆண்டு நாட்டின் ஒட்டுமொத்தச் சாம்பியன். 1950, 1951 ஆகிய ஆண்டுகளிலும் அவரே சாம்பியன்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்கு அவர் ஒரே பாய்ச்சலில் வரவில்லை. ஒவ்வொரு படியாக, ஒவ்வோர் ஆண்டாக ஏறினார்.

ஹெல்சின்கியில் நான்கு தங்கம்

ஒரு விளையாட்டு வீரரின் வாலிப நாட்கள் விலையேறப்பெற்றவை. சுக்காரினுக்கு அந்த நாட்கள் முழுவதும் ஒலிம்பிக் இல்லாமலேயே கழிந்தன. 1940, 1944 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் போட்டிகள் போரினால் நடைபெறவில்லை. 1948ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் சோவியத் நாடு கலந்துகொள்ளவில்லை. 1952ஆம் ஆண்டு பின்லாந்தின் தலைநகரான ஹெல்சின்கியில் சோவியத் அணி முதன்முதலாக ஒலிம்பிக் களத்தில் இறங்கியபோது, சுக்காரினுக்கு வயது 30.

அக்காலத்தில் ஒவ்வொரு பிரிவிலும் எல்லாருக்கும் பொதுவாக விதிக்கப்பட்ட ஒரு பயிற்சியையும், வீரர் தாமே அமைத்துக்கொண்ட ஒரு பயிற்சியையும் செய்து காட்ட வேண்டும். ஆக மொத்தம் 12 பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் 10 மதிப்பெண்கள், மொத்தம் 120. ஒன்றில் ஒளிவீசிவிட்டு மற்றொன்றில் சறுக்கினால் முதலிடம் கிடையாது. சுக்காரின் 115.70 மதிப்பெண்கள் பெற்று ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்றார். அணிப் போட்டி, கைப்பிடிக் குதிரை, தாண்டுதல் ஆகியவற்றிலும் தங்கம். வளையங்களிலும் இணைக் கம்பிகளிலும் வெள்ளி. ஒரே ஒலிம்பிக்கில் ஆறு பதக்கங்கள்!

ஹெல்சின்கி ஒலிம்பிக் என்றதும் உலகம் நினைவுகூருவது மூன்று ஓட்டப் பந்தயங்களில் தங்கம் வென்ற செக் நாட்டு வீரர் எமில் ஸாடோபெக்கைத்தான். அது நியாயமே. ஆனால் அந்த ஒலிம்பிக்கில் மிக அதிகமான தங்கப் பதக்கங்களை வென்றவர் சுக்காரின். ஒட்டுமொத்தப் பிரிவில் அவருக்கு அடுத்து வெள்ளி வென்ற ஆர்மேனிய வீரர் ஹிராந்த் ஷாகின்யானும் போரிலே காலில் காயம்பட்டவர். போரில் உடைந்த இரண்டு மனிதர்கள், முழுமையான சரீரக் கட்டுப்பாட்டை வேண்டும் ஒரு கலையில் உலகின் முதல் இரண்டு இடங்களைப் பிடித்தார்கள்.

ஐந்நூறில் இருபத்தைந்து பங்கு

1954ஆம் ஆண்டு ரோம் நகரில் நடைபெற்ற உலகச் சாம்பியன் போட்டியில், ஒட்டுமொத்தப் பட்டத்தைத் தம் அணித்தோழர் வாலன்டின் முராத்தோவுடன் சுக்காரின் பகிர்ந்துகொண்டார். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக் கூடியது. இப்போது அவருக்கு வயது 35. எதிரே நின்றவர் ஜப்பானின் தக்காஷி ஓனோ, வயது 25. பத்து ஆண்டுகள் இளையவர். திறமையில் சற்றும் குறையாதவர்.

போட்டி கடைசி வரை யாருக்கு என்று தெரியாமல் நீண்டது. முடிவில் சுக்காரின் 114.25, ஓனோ 114.20. வித்தியாசம் 0.05 மட்டுமே. ஐந்நூறு பங்குகளாகப் பிரித்த ஒரு மதிப்பெண்ணில் இருபத்தைந்து பங்கு! பன்னிரண்டு பயிற்சிகளில் எங்கோ ஓரிடத்தில் ஒரு முழங்கால் சிறிது மடிந்திருந்தாலும், தரையில் இறங்கும்போது ஒரு பாதம் சிறிது நகர்ந்திருந்தாலும், முடிவு மாறியிருக்கும். ஓனோ 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கிலும் இதே 0.05 வித்தியாசத்தில் போரிஸ் ஷக்லினிடம் ஒட்டுமொத்தத் தங்கத்தை இழந்தார். வெற்றிக்கும் தோல்விக்கும் இடையே உள்ள சுவர் சில வேளைகளில் எத்தனை மெல்லியது!

மெல்போர்னில் சுக்காரின் ஒட்டுமொத்தம், அணி, இணைக் கம்பிகள் என்று மூன்று தங்கமும், தரைப்பயிற்சியில் வெள்ளியும், கைப்பிடிக் குதிரையில் வெண்கலமும் வென்றார். இரண்டு ஒலிம்பிக்குகளிலும் சேர்த்து 11 பதக்கங்கள். அவற்றில் 7 தங்கம். அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்குகளில் ஒட்டுமொத்தத் தங்கம் வென்ற ஆண்கள் மிகச் சிலரே. அவருக்கு முன்பு இத்தாலியின் ஆல்பர்ட்டோ பிராக்லியா. பின்பு ஜப்பானின் சவாவோ கட்டோவும் கோஹெய் உச்சிமுராவும்.

அதே 1956ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், முன்னாள் போர்க்கைதிகளுக்கு இழைக்கப்பட்ட அநீதிகளைக் களைய வேண்டும் என்று சோவியத் அரசு தீர்மானம் நிறைவேற்றியது. போர் முடிந்து பதினோர் ஆண்டுகள் சென்ற பின்பே அந்த வார்த்தை வந்தது. 1957ஆம் ஆண்டில் சுக்காரினுக்கு லெனின் விருது வழங்கப்பட்டது. ஒரு காலத்தில் சந்தேகத்துடன் பார்க்கப்பட்ட கூட்டத்தைச் சேர்ந்தவரை, நாடு தன் உயர்ந்த விருதினால் கனப்படுத்தியது.

மறுபடியும் பயிற்சிக்கூடத்திற்கு

போட்டிகளிலிருந்து விலகிய பின் சுக்காரின் தாம் மாணவராகப் படித்த லிவிவ் நகரத்து நிறுவனத்திலேயே ஆசிரியரானார். தாம் மறுபடியும் எழுந்து நிற்கக் கற்றுக்கொண்ட நகரத்தில் மற்றவர்களுக்குக் கற்பித்தார். 1984ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் நாள், தமது 62ஆம் வயதில் அங்கேயே காலமானார்.

அன்பானவர்களே, இந்த வரலாற்றை இனிப்பான கதையாக மட்டும் வாசித்துவிடக் கூடாது. இழந்த நான்கு ஆண்டுகளை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை. முகாமில் அவரோடு இருந்த எத்தனையோ பேர், அவரைப் போலவே திறமையும் உழைப்பும் உள்ளவர்கள், வீடு திரும்பவேயில்லை. ஆகவே, "பிரயாசப்பட்டால் எல்லாம் கைகூடும்" என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. மீந்திருந்த ஆண்டுகளை, மீந்திருந்த பெலத்தை அவர் எப்படிச் செலவிட்டார் என்பதே நாம் கற்றுக்கொள்ள வேண்டியது.

சொந்த ஊரை விட்டுப் பட்டணத்திற்கு வந்த நம்மில் பலருக்கும் இழந்துபோன ஆண்டுகள் உண்டு. வீட்டின் வறுமையால் படிப்பை நிறுத்தியவர் உண்டு. தம்பி தங்கையரைக் கரையேற்றிய பின் தன்னைத் திரும்பிப் பார்த்து, "முப்பது வயதாயிற்றே" என்று பெருமூச்சு விடுபவர் உண்டு. நீண்ட நோய்க்குப் பின் வேலைக்குத் திரும்பி, தன்னைவிட இளையவர்களுக்குக் கீழே நிற்பவர் உண்டு. அவர்களுக்கு ஏழு தங்கப் பதக்கங்களைக் காட்டுவதைவிட, 1946ஆம் ஆண்டின் அந்தப் பன்னிரண்டாம் இடத்தைக் காட்டுவதே மேல். அன்று யாரும் மாலை சூட்டவில்லை. ஆனால் எழுந்து நிற்க முடியாத நிலையிலிருந்த ஒரு சரீரம் மறுபடியும் களத்தில் நின்றது. பின்னர் வந்த வெற்றிகள் யாவும் அங்கிருந்தே புறப்பட்டன.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பிள்ளை இந்த ஆண்டு பன்னிரண்டாம் இடத்தில் நிற்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை முதலிடத்தில் இருக்கலாம். அதைக் கண்டு அவனைத் தாழ்த்திப் பேசாதிருங்கள். அவன் எங்கிருந்து எழும்பி அந்த இடத்திற்கு வந்தான் என்பதைப் பாருங்கள். உருக்குலைந்து வந்த மகனை ஒரு தழும்பைக் கொண்டு கண்டுகொண்ட அந்தத் தாயைப் போல, உங்கள் பிள்ளையின் காயத்தை அறிந்து அவனை அணைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் அவன் மறுபடியும் பயிற்சிக்குச் செல்ல அந்த அணைப்பு அவனுக்குப் பெலன் தரும்.