கடலுக்கும் பட்டம் தவறுது



விதை நல்லதா இருக்கு, மண்ணும் நல்லதா இருக்கு, பட்டம் மட்டும் தவறிப் போச்சுன்னா என்ன ஆகும்? உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பருவநிலை மாற்றத்தால் கடல் சூடாவதையும் மட்டம் உயர்வதையும் அடிக்கடி படிக்கிறோம். கடலுக்குள்ளேயும் ஒரு பட்டம் உண்டு, அதுவும் தவறுது என்பதை அதிகம் பேசுவதில்லை.

இங்கிலாந்துக்கும் நார்வேக்கும் நடுவில் உள்ள வட கடலை எடுத்துக்கொள்வோம். குளிர்காலப் புயல்கள் அடியில் கிடக்கும் சத்துகளைக் கலக்கி மேலே கொண்டு வரும். நம்ம உழவு மாதிரின்னு வைங்க. வசந்தத்தில் வெளிச்சம் கூடியதும் டயட்டம் போன்ற நுண்பாசிகள் மளமளவென்று பெருகும். கடலின் பயிர் அதுதான். அதை மேய்வது கோபிபாட். இறால், நண்டுக்குத் தூரத்துச் சொந்தமான இது அரிசிக் குறுணை அளவுதான் இருக்கும். அதன் முட்டையையும் குஞ்சையும் தின்றுதான் காட் மீனின் குஞ்சு வளர்கிறது. பொரித்து வரும்போது அது வயிற்றில் கொண்டு வரும் மஞ்சள் கரு ஏறக்குறைய ஒரு வாரம்தான் தாங்கும். அதற்குள் இரை கிடைக்கணும். இல்லையென்றால் பட்டினிதான்.

இந்த உயிர்களெல்லாம் ஒரே கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. அங்கேதான் சிக்கல். டயட்டம் பெரும்பாலும் வெளிச்சத்தைப் பார்க்கும். பூமி எவ்வளவு சூடானாலும் பகலின் நீளம் மாறாது. விலங்கு மிதவை உயிரிகள் பலவும் தண்ணீரின் சூட்டைப் பார்க்கும். சூடு கூடினால் முந்திவிடும். 1958 முதல் 2002 வரையிலான வட கடல் பதிவுகளை அலசி, எட்வர்ட்ஸ், ரிச்சர்ட்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 2004இல் கட்டுரை வெளியிட்டார்கள். டயட்டத்தின் வசந்தப் பெருக்கம் கிட்டத்தட்ட அதே நாளில் நிற்கிறது. கோபிபாட்கள் சராசரியாகச் சுமார் 10 நாள் முந்திவிட்டன. நட்சத்திர மீன், நண்டு போன்றவற்றின் மிதக்கும் குஞ்சுகள் 27 நாள் முந்திவிட்டன.

பத்து நாள் ஒரு பெரிய விஷயமா என்று கேட்கலாம். வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: தவணை மார்கழியில், அறுவடை தை கடைசியில் என்றால், நல்ல விளைச்சல் எடுத்தவர் கணக்கும் தவறும். வருமானம் குறையவில்லை, தேதிதான் ஒத்துவரவில்லை.

வட கடலில் ஆளும் மாறிவிட்டது. குளிர் விரும்பும் ஒருவகைக் கோபிபாட் வசந்தத்தில் பெருகும். அது குறைந்துபோய், 1980களுக்குப் பிறகு சூடு தாங்கும் இன்னொரு வகை அந்த இடத்தைப் பிடித்தது. இது பெருகுவது இலையுதிர் காலத்தில். காட் குஞ்சுக்குப் பசி எடுப்பதோ வசந்தத்தில்! காட் மீன் அருகியதற்கு அளவு மீறிப் பிடித்ததும் பெரிய காரணம். ஆனால் பிடிப்பதைக் குறைத்தாலும், குஞ்சுக்கு வேளைக்கு இரை இல்லாவிட்டால் மீண்டு வருவது கஷ்டம்தான்.

நம்ம வயலிலும் இதே கணக்குதான். அசுவினி முந்தி வந்து பொறிவண்டு பிந்தி வந்தால், நடுவில் அடிபடுவது பயிர். அதனால் வரப்பில் ஒரே செடியை நம்பாமல் தட்டைப்பயறு, செண்டுமல்லி, எள், துவரை என்று வெவ்வேறு காலத்தில் பூப்பவற்றைக் கலந்து வையுங்கள். ஒன்று தவறினாலும் இன்னொன்று நன்மை செய்யும் பூச்சிகளைத் தங்க வைக்கும். இடம் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே நாளில் விதைக்காமல் வாரம் பத்து நாள் இடைவெளி விடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. வட கடலில் நாள் தவறியது தெரிந்ததே பதிவு இருந்ததால்தான். ஆலிஸ்டர் ஹார்டி என்ற விஞ்ஞானி வடிவமைத்த ஒரு பெட்டியை 1931 முதல் சரக்குக் கப்பல்கள் பின்னால் கட்டி இழுத்துப் போகின்றன. உள்ளே இருக்கும் பட்டுத்துணியில் மிதவை உயிரிகள் படியும். அதை எடுத்து எண்ணுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம்.

நமக்குக் கப்பலும் வேண்டாம், பட்டுத்துணியும் வேண்டாம். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். வேம்பு பூத்த நாள், முதல் மழை, முதல் அசுவினி, முதல் பொறிவண்டு: நாலே நாலு தேதி. வருஷா வருஷம் எழுதி வையுங்கள். எது முந்துது, எது பிந்துதுன்னு அந்த நோட்டே உங்களுக்குச் சொல்லும்.