திருப்பத்தைத் தாண்டிய பிறகு வந்த குரல்

1993 அக்டோபர் 3, ஞாயிற்றுக்கிழமை. சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில், பகாரா சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீடு. சோமாலியப் போர்க்குழுத் தலைவர் முகமது ஃபரா ஐதீதின் முக்கிய ஆட்கள் இருவர் அங்கே கூடியிருப்பதாகத் தகவல் வந்ததும் அமெரிக்கச் சிறப்புப் படையினர் சுமார் 160 பேர் பிற்பகலில் கிளம்பினார்கள். ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் இறங்கி ஆளைப் பிடித்து, வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட வேண்டும். ஒரு மணி நேர வேலை என்று கணக்குப் போட்டார்கள். தேடிப் போனவர்களைப் பிடித்தும் விட்டார்கள். ஆனால் எல்லோரும் வந்துசேர மறுநாள் காலை ஆகிவிட்டது. அதற்குள் 18 அமெரிக்க வீரர்கள் உயிரிழந்திருந்தார்கள்.

எங்கே தவறியது? ஏற்கெனவே ஆறு முறை ஏறக்குறைய இதே பாணியில்தான் அந்தப் படை இறங்கியிருந்தது. பார்த்துப் பார்த்து ஊரே பாடம் படித்துவிட்டது. ஹெலிகாப்டர் சத்தம் கேட்டதும் தெருவில் டயரைக் கொளுத்தி ஆள் திரட்டினார்கள். செப்டம்பர் 25 அன்றே ஒரு பிளாக் ஹாக் ஹெலிகாப்டரை ராக்கெட் குண்டால் வீழ்த்தியிருந்தார்கள். மூன்று பேர் இறந்தார்கள். அதன் பிறகும் பட்டப்பகலில் அதே ஹெலிகாப்டர்கள் தாழப் பறந்தன. அன்று இரண்டு விழுந்தன. ஒன்று விழுந்தால் மீட்க ஒரு குழு தயாராக இருந்தது. இரண்டாவதற்கு ஆள் இல்லை.

விழுந்த இடத்துக்குப் போகச் சொன்ன வண்டித் தொடரின் பாடுதான் என்னை மிகவும் உலுக்குகிறது. மேலே பறந்த உளவு விமானத்துக்கு ஒவ்வொரு சந்தும் தெரிந்தது. ஆனால் அதிலிருந்தவர்களால் வண்டிக்காரர்களோடு நேரடியாகப் பேச முடியாது. தகவல் தளபதிகள் வழியாகச் சுற்றி வந்தது. ‘இடது பக்கம் திரும்பு’ என்ற குரல் காதில் விழும்போது வண்டி அந்தத் திருப்பத்தைத் தாண்டியிருக்கும். இரு பக்கமும் துப்பாக்கிச் சூடு. சுற்றிச் சுற்றி அடி வாங்கி, போக வேண்டிய இடத்தை எட்டாமலே, காயம்பட்டவர்களோடு முகாமுக்குத் திரும்பினார்கள். பகல் வேலைதானே என்று பலர் இருட்டில் பார்க்கும் கருவியையும் தண்ணீர்க் குப்பியையும் முகாமிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.

கவச வாகனங்கள் கேட்டுப் போன கோரிக்கையை அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் லெஸ் ஆஸ்பின் செப்டம்பரில் ஏற்கவில்லை. கடைசியில் ஐ.நா. படையில் இருந்த மலேசியர்களின் கவச வண்டிகளும் பாகிஸ்தானியர்களின் டாங்கிகளும்தான் சிக்கியவர்களை மீட்கப் போயின. முன்கூட்டியே திட்டத்தில் அவர்களைச் சேர்க்காததால், கிளம்புவதற்கே பல மணி நேரம் ஆனது.

ஆனால் வேர் இன்னும் பின்னால் இருக்கிறது என்று நினைக்கிறேன். அதே ஆண்டு ஜூலை 12 அன்று, ஐதீதின் குலப் பெரியவர்கள் கூடியிருந்த வீட்டின்மீது அமெரிக்க ஹெலிகாப்டர்கள் ஏவுகணை வீசின. ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்ததாகச் செஞ்சிலுவைச் சங்கம் சொன்னது. ஐதீதோடு ஒட்டாமல் இருந்தவர்கள்கூட அன்றைக்கு அவர் பக்கம் சாய்ந்தார்கள். அக்டோபரில் தெருவுக்கு ஓடிவந்த கூட்டத்தில் கூலிக்குச் சுட்டவர்கள் மட்டுமில்லை. அந்த வீட்டில் உறவினரைப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள்.

அந்த அக்டோபர் சண்டையில் இறந்த சோமாலியர்களைச் சிலர் சில நூறு என்கிறார்கள், சிலர் ஆயிரம் வரை என்கிறார்கள். பெண்களும் குழந்தைகளும் அதில் உண்டு.