மாதாமாதம் வரும் அரிப்பு

மெடிக்கல் ஷாப்பில் கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்று, "போன மாசம் வாங்கினேனே, அதே மாத்திரை" என்று தணிந்த குரலில் கேட்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். ஒற்றை மாத்திரை காகிதத்தில் மடித்துக் கைக்கு வரும். மூன்று நான்கு நாளில் அரிப்பு அடங்கும். அடுத்த மாதவிலக்கு நெருங்கும்போது மறுபடி அதே அரிப்பு, அதே கடை.

இந்தச் சுற்றிலிருந்து வெளியே வரலாம். அதற்கு, அது ஏன் திரும்பி வருகிறது என்று கேட்க வேண்டும்.

சூடும் அல்ல, அழுக்கும் அல்ல

பெண்ணுறுப்பில் கேண்டிடா என்ற பூஞ்சை கொஞ்சம் இருப்பது சாதாரணம். லாக்டோபேசில்லஸ் போன்ற நல்ல நுண்ணுயிர்கள் அதோடு சேர்ந்தே வாழ்கின்றன. அந்தச் சமநிலை குலைந்தால் பூஞ்சை பெருகி, இந்த அரிப்பு வரும். பெண்களில் நான்கில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது இது வரும். ஓராண்டில் 3 முறையோ அதற்கு மேலோ வந்தால் அது மீள்தொற்று. தனிக் கவனம் தேவை.

"உடம்புச் சூடு" என்று வீட்டில் இளநீர் கொடுப்பார்கள். குடியுங்கள், தவறில்லை, ஆனால் பூஞ்சை அதற்கு அடங்காது. "சுத்தமாக இல்லை" என்ற பேச்சுதான் பெரிய கொடுமை. அதைக் கேட்டு மனம் நொந்து, சோப்பும் கிருமிநாசினியும் வாசனைத் திரவமும் போட்டுத் தேய்க்கிறார்கள். தோல் புண்ணாகிறது, எரிச்சல் கூடுகிறது. வெளிப்புறத்தை வெறும் தண்ணீரில் கழுவினால் போதும். உட்புறம் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

அதுதானா என்று பாருங்கள்

தயிர்த் திப்பிபோல் வெள்ளைப்படுதல், கடும் அரிப்பு, சிறுநீர் பட்டால் எரிச்சல் ஆகியவை பூஞ்சையின் அடையாளங்கள். மீன் வாடை வந்தாலோ, மஞ்சள் பச்சையாக நுரைத்து வந்தாலோ நோய் வேறு, மருந்தும் வேறு. அதனால் அரிப்பு திரும்பத் திரும்ப வந்தால் ஒருமுறையாவது மருத்துவரிடம் போய், பஞ்சுக்குச்சியில் திரவம் எடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். வழக்கமான மாத்திரைக்கு மசியாத கேண்டிடா வகைகளும் உண்டு. ஸ்டீராய்டு கலந்த களிம்பைக் கடையில் கேட்டு வாங்கித் தடவ வேண்டாம். அரிப்பு மறையும், பூஞ்சை வளரும்.

சர்க்கரையைச் சோதித்தீர்களா?

தனக்கு நீரிழிவு இருப்பதையே இந்த அரிப்பால் தெரிந்துகொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை கூடினால் பூஞ்சைக்கு விருந்து. மருந்து போட்டும் மீண்டும் வந்தால், முதலில் ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.

ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்கள் தங்கள் மருந்துச் சீட்டை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. அதனால் அந்த இடத்தில் பூஞ்சைத் தொற்று கூடும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் மருந்துகள் இவை, நீங்களாக நிறுத்தாதீர்கள். தொந்தரவை மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். சளிக்கெல்லாம் ஆன்டிபயாட்டிக் விழுங்கும் பழக்கமும் இந்தத் தொற்றுக்கு வழிவிடும்.

ஆறு மாதச் சிகிச்சை

மீள்தொற்றுக்கு ஒற்றை மாத்திரை போதாது. பொதுவாக ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராமை மூன்று நாளுக்கு ஒன்றாக மூன்று முறை, பிறகு வாரம் ஒன்றாக ஆறு மாதம் தருவார்கள். இரண்டாம் மாதமே அரிப்பு இருக்காது. பலரும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். முழுதாக முடித்த பிறகும் சிலருக்குத் திரும்பலாம். அப்போது மருத்துவர் வேறு வழி பார்ப்பார். கர்ப்பிணிகள் இந்த மாத்திரையைத் தாங்களாக எடுக்கவே கூடாது. அவர்களுக்கு உள்ளே வைக்கும் மருந்து உண்டு. கணவருக்கு அரிப்போ புண்ணோ இல்லாவிட்டால் அவருக்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படாது.

கொடியில் காயும் துணி

உள்ளாடையைப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயப்போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பாதி ஈரத்தோடு அதையே எடுத்து உடுத்துகிறார்கள். வெயில் படும்படி விரித்துக் காயப்போடுங்கள். பருத்தியே நல்லது. வேர்வையில் நனைந்ததை உடனே மாற்றுங்கள். தயிரையோ பூண்டையோ உள்ளே வைக்கும் கைவைத்தியம் வேண்டாம்.

மகளோ, மருமகளோ, தங்கையோ இந்த அரிப்பைப் பற்றிச் சொன்னால் அதட்டாமல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். ரத்தச் சர்க்கரைப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.