சக்கரமும் நிலமும் – 17: டயரா, டிராக்கா?

கனடாவின் கியூபெக்கிலும் அமெரிக்காவின் மினசோட்டா, அலாஸ்கா மாநிலங்களிலும் ஏ.டி.வி. என்பது வெறும் விளையாட்டு வண்டி அல்ல. விறகு இழுக்க, வேலியைச் சுற்றிப் பார்க்க, வேட்டையாடிய மானை ஏற்றிவர, வாசலில் குவிந்த பனியைத் தள்ள என்று அன்றாடம் உழைக்கிற வண்டி. நம் ஊரில் மலைவாச ஸ்தலங்களில் சுற்றுலாப் பயணிகளுக்காகச் சுற்றிவரும் அதே நாலு சக்கர பைக்தான். வேலை மட்டும் வேறு. அங்கே முதல் பனி விழுந்ததும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஓர் ஆசை வரும்: நாலு டயரையும் கழற்றிவிட்டு, புல்டோசருக்கு இருப்பதுபோல் நாலு ரப்பர் டிராக்கை மாட்டிவிட்டால் என்ன? செலவுக்கு அஞ்சாதவர்கள் மாட்டியும் விடுகிறார்கள். டயரைவிட டிராக் உயர்ந்தது, ஆகவே டிராக் மாட்டுவது வண்டியை ஒரு படி உயர்த்துவது என்ற நினைப்பு இதன் பின்னால் இருக்கிறது. அது சரியல்ல என்பது என் கட்சி. டிராக் மண்மேல் விழும் சுமையைக் குறைக்கிறது, உண்மை. குறைந்த சுமையின் விலையை வண்டியின் பேரிங்கும் பால் ஜாயிண்ட்டும் டிரைவ் பெல்ட்டும் கட்டுகின்றன. அந்த விலை எந்த நிலத்தில் கட்டுப்படியாகும், எதில் ஆகாது என்பதுதான் கேள்வி.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். வண்டி 300 கிலோ, ஓட்டுபவர் 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஏ.டி.வி. டயரில் காருக்கு அடிப்பதுபோல் 30 பி.எஸ்.ஐ. காற்று அடிப்பதில்லை, சுமார் 5 பி.எஸ்.ஐ. போதும். மெத்தென்ற டயர் மண்ணை அழுத்தும் அழுத்தம் ஏறக்குறைய அதனுள் இருக்கும் காற்றின் அழுத்தமே. 5 பி.எஸ்.ஐ. என்றால் சதுர சென்டிமீட்டருக்கு 0.35 கிலோ. அப்படியானால் 380 கிலோவைத் தாங்க நாலு டயரும் சேர்ந்து 1,100 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு மண்ணில் படியவேண்டும். காற்றை 10 ஆக ஏற்றினால் அந்தப் பரப்பு பாதியாகிவிடும். சேற்றில் புதைவதற்கு வேறு வினை வேண்டாம். இப்போது டிராக். நாலும் சேர்ந்து வண்டியின் எடையை 150 கிலோ கூட்டுவதாகவும், ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் அகலத்தில் 60 சென்டிமீட்டர் நீளத்துக்கு மண்ணில் படிவதாகவும் கொண்டால், மொத்தம் 530 கிலோ 7,200 சதுர சென்டிமீட்டரில் பரவுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 0.07 கிலோ, டயரில் வந்ததில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டு காலையும் ஊன்றி நிற்கும் மனிதர் மண்மேல் தரும் அழுத்தம்கூட இதைவிட அதிகம். எடை கூடியும் அழுத்தம் குறைகிறது என்பதுதான் டிராக்கின் சூட்சுமம்.

இரண்டு வழிகளுமே பழையவை. கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் பக்கத்து டெல்டா நிலம் கரிய, பஞ்சுபோன்ற மண். பெஞ்சமின் ஹோல்ட் செய்த நீராவி டிராக்டர்கள் அதில் புதைந்தன. அவர் முதலில் சக்கரத்தைத்தான் அகலப்படுத்திப் பார்த்தார். அகலப்படுத்திக்கொண்டே போனதில் ஒரு டிராக்டரின் குறுக்களவு 46 அடிக்கு வந்துவிட்டது! அதற்கு மேல் போக வழியில்லாமல்தான் 1904 நவம்பரில் சக்கரத்தை எடுத்துவிட்டு டிராக்கைச் சோதித்தார். கியூபெக்கின் வால்கூர் ஊர்க்காரரான ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே, ரப்பர் பூசிய பல்சக்கரமும் அதன்மேல் ஓடும் பட்டையுமாகப் பனி வண்டிக்கு 1937-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய ஏ.டி.வி. டிராக்குக்கு அதுதான் பாட்டன். ஆனால் ஏ.டி.வி. பிறந்தது இந்த வம்சத்தில் அல்ல. 1970-இல் அமெரிக்காவில் ஹோண்டா விற்ற மூன்று சக்கர வண்டியில் ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ கிடையாது. 22 அங்குல பலூன் டயருக்குள் இருந்த கொஞ்சம் காற்றே இரண்டு வேலையையும் பார்த்தது. இந்த வண்டியின் மூலக் கருத்தே காற்றுதான் என்பதை மறந்துவிட்டுத்தான் பலர் டிராக் விலைப்பட்டியலைப் புரட்டுகிறார்கள்.

ஆகவே கைவைக்கவேண்டிய முதல் இடம் டயரின் காற்று. பெட்ரோல் பங்க்கில் கார் டயருக்கு வைக்கிற கேஜ் இதற்கு உதவாது, 5 பி.எஸ்.ஐ.க்கும் 7-க்கும் வித்தியாசம் அதில் சரியாகத் தெரியாது. சிறு அழுத்தத்தை அளக்கவென்றே இருக்கும் கேஜ் வாங்கவேண்டும். குளிரில் காற்று சுருங்கும் என்பதால், சூடான ஷெட்டுக்குள் அளந்தது வெளியே பனியில் நின்றதும் இறங்கிவிடும். அளவுக்கு மீறி இறக்கினால் பக்கவாட்டு அடி வாங்கும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டு நழுவும். அடுத்தது டயரே. பக்கச்சுவர் பலத்தைச் சொல்லும் பிளை எண் கல்காட்டில் ஆறோ எட்டோ இருப்பது நல்லது. ஆனால் பிளை கூடக்கூட டயர் விறைக்கும், மண்ணில் படிவது குறையும். ஆழமான பட்டன் வைத்த சேற்று டயர் தார்ச்சாலையில் அதிரும், சீக்கிரம் தேயும். பெரிய டயர் மோகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 25 அங்குலத்தை எடுத்துவிட்டு 28 அங்குலம் போட்டால், 12 சதவீதம் உயர்ந்த கியரில் வண்டியை நிரந்தரமாக ஓட்டுவதற்குச் சமம். வண்டி சேற்றைக் கடக்கிறது, சரி. ஆனால் ரப்பர் டிரைவ் பெல்ட் கிளட்ச்சில் வழுக்கிச் சூடேறுகிறது. கருகிய வாடை வந்தபின் பெல்ட்டைக் குறைசொல்லிப் பயனில்லை.

டிராக்கில் இந்தச் சிக்கல் தலைகீழாக வருகிறது. அதை ஓட்டும் பல்சக்கரம் டயரைவிடச் சிறியது. ஆகவே கியர் தாழ்கிறது, வேகம் குறைகிறது, வேகமானி காட்டும் எண் பொய்யாகிறது. கியர் தாழ்ந்தால் இன்ஜினுக்கு இதம்தானே என்று கேட்பார்கள். பாதி சரி. உருட்டித் தள்ளவேண்டிய ரப்பரும் உருளைகளும் அதைவிட அதிகமாகக் கூடுகின்றன. திரும்பும்போது மண்ணில் நீளமாகப் படிந்த டிராக் எதிர்த்து நிற்கும் விசை முழுவதும் ஸ்டியரிங் முனைக்கும் பால் ஜாயிண்ட்டுக்கும் போகிறது. ஒவ்வொரு டிராக் சட்டமும் தன்போக்கில் சுழன்றுவிடாமல் வண்டியோடு ஒரு தடுப்புத் தண்டால் பிணைக்கப்பட்டிருக்கும். அதன் அளவு தவறினால் டிராக்கின் மூக்கு மண்ணைக் குத்தும், அல்லது மட்கார்டை அறுக்கும். பட்டை தளர்ந்தால் பல் தாண்டி டக்கென்று அதிரும். இறுக்கினால் பேரிங்கைத் தின்னும். புதுப் பட்டை முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே தளரும் என்பதால் இழுவிசையை உடனே மறுபடி பார்த்தாகவேண்டும். கெட்டியான வறண்ட பாதையில் வேகமாக ஓட்டினால் உள்பக்க ரப்பர் பற்கள் சூடேறி உதிரும். சேறு அப்பிய டிராக்கைக் கழுவாமல் இரவு நிறுத்தினால் விடிவதற்குள் உறைந்து இறுகிவிடும். பனிப்பிரதேசத்தில் மரப்பலகை போட்டு அதன்மேல் நிறுத்துவது அதனால்தான்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஆழப்பனி. அதில் எனக்கு மறுப்பில்லை. ஏ.டி.வி.யின் அடிவயிறு தரையிலிருந்து ஓர் அடி உயரம் இருந்தால் அதிகம். பனி அதற்கு மேல் போனால் வயிறு பனியில் அமர்ந்துவிடும், சக்கரங்கள் சும்மா சுற்றும். காற்றை எவ்வளவு இறக்கினாலும் நகராது. அங்கே டிராக் வேண்டும். இன்னொரு வாதம், அழுத்தம் குறைவதால் டிராக் நிலத்தைக் காக்கும் என்பது. நேராகப் போகும்வரை அது மெய். அலாஸ்காவின் ஈரநிலப் பாதைகள் ஏ.டி.வி.களால் சிதைந்து கிடப்பதற்கு எடை மட்டும் காரணமல்ல. சுற்றியும் திரும்பியும் பாசிப்படலத்தைக் கிழிப்பதும் காரணம். மேற்படலம் கிழிந்தால் அடியில் உறைந்திருக்கும் மண் இளகத் தொடங்கும், பாதை குட்டையாகும். அதைச் சுற்றிக்கொண்டு அடுத்த வண்டி புதுப்பாதை போடும். அந்த இடத்தில் டிராக்கோ டயரோ, ஓட்டுகிற கைதான் கணக்கு.

இதே தராசு காவிரி டெல்டாவில் ஒவ்வொரு அறுவடையிலும் தூக்கப்படுகிறது. ஈரம் காயாத வயலுக்கு பெல்ட் மிஷின், காய்ந்த வயலுக்கு டயர் மிஷின். பெல்ட் மிஷினுக்கு மணி வாடகை அதிகம். சாலையில் ஓட்டிவர முடியாமல் லாரியில் ஏற்றிவரவேண்டும். அது உயர்ந்தது என்பதற்காக யாரும் அதைக் கூப்பிடுவதில்லை. வயல் கேட்டால் கூப்பிடுகிறார்கள். ஏ.டி.வி.காரரின் சங்கடம், இரண்டு மிஷினும் அவருக்கு ஒரே வண்டி என்பது. ஆண்டு முழுக்க டிராக்கிலேயே ஓட்டினால் கோடைக்கான தேய்மானத்தை வீணாகக் கட்டுவார். பனி உருகியதும் கழற்றி, நிழலில், பட்டையைத் தளர்த்தி வைப்பதே முறை. கழற்றிய அன்றே செய்யவேண்டியவை சில உண்டு. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி பேரிங்கில் ஆட்டம் வந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். ஆக்சில் முனையின் ரப்பர் பூட்டில் கீறல் தேடவேண்டும். கிரீஸ் வெளியே தெறித்திருந்தால் மணல் உள்ளே போயிருக்கும். டிரைவ் பெல்ட்டின் ஓரம் கண்ணாடிபோல் பளபளத்தால் மாற்றிவிடலாம். டயரை மாட்டி, சிறிது தூரம் ஓட்டியபின் நட்டுகளை இன்னொரு முறை இறுக்கவேண்டும்.