எட்டு மணிக்கு வரும் குரல்

நெடுநடை கிளம்புகிறவர் பையில் எத்தனை ஜோடி காலுறை வைக்க வேண்டும் என்று சொல்ல யூடியூபில் ஏராளமானோர் இருக்கிறார்கள். அந்த நடையை வீட்டில் இருப்பவர்களிடம் எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று சொல்லத்தான் ஆளில்லை. கடந்த மே மாதம் ஸ்பெயினில் காமினோ பாதையில் 14 நாள் நடந்து வந்தேன். காலுறையைவிட இதுதான் பெரிய விஷயம் என்று இப்போது தோன்றுகிறது.

வடமேற்கு ஸ்பெயினில் உள்ள சந்தியாகோ தேவாலயத்தை நோக்கி ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் போகும் பழைய யாத்திரைப் பாதைகளைத்தான் காமினோ என்கிறார்கள். அதிகம் பேர் நடப்பது பிரான்ஸ் எல்லைப் பக்கம் தொடங்கும் ஏறக்குறைய 780 கி.மீ. பாதை. எனக்குக் கிடைத்த விடுமுறைக்கு லியோன் நகரிலிருந்து கடைசி 310 கி.மீ.தான் முடிந்தது. எலியாஸ் வாலிஞா என்ற பாதிரியார் 1980களில் வரைந்து தொடக்கிவைத்த மஞ்சள் அம்புக்குறிகள் மரத்திலும் சுவரிலும் கல்லிலும் வழி காட்டுகின்றன. வழி தவறுவதே கஷ்டம். தைப்பூசத்துக்கு ரதத்தின் பின்னால் பத்துமலைவரை நடந்த கால்கள்தானே, பயப்படாதீர்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

அம்மா அம்புக்குறியை நம்பவில்லை, புள்ளியைத்தான் நம்பினார். நான் எங்கே இருக்கிறேன் என்று வரைபடத்தில் காட்டும் அந்த வாட்ஸ்அப் புள்ளியைத் தம்பி அமைத்துக் கொடுத்திருந்தான். ஒரு தடவை போட்டால் அதிகபட்சம் எட்டு மணி நேரம் ஓடும். ஐந்தாம் நாள், 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இரும்புச் சிலுவையைத் தாண்டி இறங்கும் வழியில், சிக்னல் போய்விட்டது. புள்ளி நின்றது. நான் ஒரு கல் வீட்டுத் திண்ணையில் ஆம்லெட் வைத்த ரொட்டியை நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கிள்ளானில் அம்மா அழுதிருக்கிறார். சிக்னல் திரும்பியதும் குடும்பக் குழுவில் 41 செய்திகள். பெரியம்மா இரண்டு திருநீற்றுப் படம் அனுப்பியிருந்தார். தம்பி, “அக்கா, தூதரகத்துக்குப் போன் போடப் போனோம் லா” என்றான்.

அன்றைக்கே புள்ளியை நிறுத்திவிட்டேன். அது நகரும்போது யாருக்கும் சந்தோஷம் தரவில்லை, நின்றால் மட்டும் உயிரை வாங்கியது. அதற்குப் பதிலாக, தினமும் நடந்து முடித்ததும் ஒரே ஒரு குரல் பதிவு, இரண்டு நிமிடம். மே மாதத்தில் ஸ்பெயின் நமக்கு ஆறு மணி நேரம் பின்னால். அங்கே பிற்பகல் இரண்டு மணி என்றால் நம் வீட்டில் இரவு எட்டு, சாப்பாடு முடிந்திருக்கும் நேரம். ஒன்பது மணிக்கும் வராவிட்டால் மட்டும் தங்கும் விடுதிக்குப் போன் செய்யலாம். அந்த எண்ணையும் முன்கூட்டியே அனுப்பிவிடுவேன். இளையவர்கள் யாராவது கிளம்புவதாக இருந்தால், இந்த ஒப்பந்தத்தை விமான நிலையத்துக்குப் போகும் முன்பே போட்டுவிடுங்கள். நண்பர்களுக்கு வேறு குழு. அவர்களுக்குப் படமும் கொப்புளக் கதையும் போதும்.

வானொலிக்காரி என்பதால் குரலைத் தேர்ந்தெடுத்தேன் என்று நினைக்கலாம். உண்மையான காரணம் அப்பா. இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குச் சொல் மெதுவாகத்தான் வரும். எதிர்முனையில் ஆள் காத்திருப்பது தெரிந்தால் இன்னும் தடுமாறுவார். அதனால் போனையே தொடுவதில்லை. காணொலி அழைப்பில் கையை மட்டும் ஆட்டுவார். குரல் பதிவில் அந்த அவசரம் இல்லை. பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம், யாருக்கும் தெரியாது.

ஏழாம் நாள் அவரிடமிருந்து முதல் பதிவு வந்தது. ஒன்பது விநாடி. “மரம் என்ன மரம், பாப்பா?” தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். விடியுமுன்னே பெரட்டுக்கு நின்று, நிரை நிரையாக நடந்தவர். தேவாலயமும் கோட்டையும் அவருக்கு எதற்கு? மறுநாளிலிருந்து நான் செஸ்ட்நட் மரங்களின் தண்டைக் கையால் அளந்து சொன்னேன். மாட்டு மணி, ஓடைச் சத்தம், சரளைக் கல்லில் என் சப்பாத்துச் சத்தம் எல்லாவற்றையும் பிடித்து அனுப்பினேன்.

பத்தாம் நாள் போர்த்தோமரின். 1960களில் அணை கட்டியபோது பழைய ஊர் நீருக்குள் போய்விட்டது. அங்கிருந்த தேவாலயத்தைக் கல் கல்லாகப் பிரித்து, எண் போட்டு, மேட்டில் கொண்டுவந்து திரும்பக் கட்டியிருக்கிறார்கள். சில கற்களில் அந்த எண் இன்னும் தெரிகிறது. அதைச் சொல்லி அனுப்பினேன்.

பதிலுக்கு நான்கு நிமிடம் வந்தது. எங்கள் தோட்டம் விற்கப்பட்டு மரங்கள் சாய்ந்தபோது, கோயில் சாமியை லாரியில் ஏற்றிய கதை. அம்மனை யார் பிடித்துக்கொண்டார்கள், மழை வந்ததா, லயத்தில் எந்த வீட்டில் யார் இருந்தார்கள், எல்லாம் இருந்தது. அப்போது எனக்கு ஆறு வயது. இந்தக் கதையை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. “அவங்க நம்பர் போட்டாங்க. நாங்க போடல” என்று முடித்திருந்தார். விடுதியின் இரட்டைக் கட்டிலில் மேல்தட்டில் படுத்துக்கொண்டு மூன்று முறை கேட்டேன்.

சந்தியாகோவில் தேவாலயச் சதுக்கத்துக்கு இறங்கும் வளைவில் ஒருவர் பைக்கருவி வாசித்துக்கொண்டிருந்தார். அதைத்தான் கடைசிப் பதிவாக அனுப்பினேன். குடும்பக் குழு முழுக்கப் படம் கேட்டது. அப்பா, “கால் வீங்கியிருக்கா பாரு” என்றார்.

திரும்பி வந்தும் பதிவு நிற்கவில்லை. காலை நிகழ்ச்சி முடிந்ததும் இரண்டு நிமிடம் பேசி அனுப்பிவிடுகிறேன். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலைப் பற்றிக்கூட அவருக்குக் கேள்வி இருக்கிறது.